சித்தப்பா பட்டி பார்த்த கல்லறைகள்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் திரும்ப மாட்டார்கள். எந்தக் காலத்திலோ செத்துப்போனவர்களின் பெயர்களெல்லாம் சிவப்பு எழுத்தில், மஞ்சள் நிழல் வைத்து, ஜவுளிக்கடை போர்டு மாதிரி பளபளவென்று இருக்கும். சில கல்லறைகளில் பெயருக்குக் கீழே ஒரு ரோஜாப்பூவும் உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால் ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். காட்டிவிட்டுப் போகட்டும். அதற்கெல்லாம் காரணம் என் சித்தப்பா. அவரைக் கேலி செய்ய ஊருக்கு உரிமை இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, சீமைக்கருவேல மரங்களுக்கு ஊடே நடந்தால் எங்கள் ஊர். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் மல்லியும் விளையும். பெய்யாவிட்டால் ஆண்கள் பெயிண்ட் வேலைக்கும் கொத்து வேலைக்கும் வெளியூர் போய்விடுவார்கள். ஊரில் பத்துப் பதினைந்து வீடுகள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்கு ஒரு சின்னக் கோயில். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, மணி அடிப்பது, சிறுவர்களுக்கு ஞானோபதேசம் நடத்துவது எல்லாம் உபதேசியார் பொறுப்பு.

உபதேசியார் கறாரான மனிதர். பொய் சொன்னால் முட்டி போடவைப்பார். சும்மா அல்ல, கோயில் முற்றத்து மணலில், வெயிலில். எங்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஆபத்தான நேரத்தில் யார் வேண்டுமானாலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாமியாருக்காகவோ உபதேசியாருக்காகவோ காத்திருக்கக் கூடாது. கையில் இருக்கிற தண்ணீர் போதும். இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒரு உரித்த தேங்காயைக் கொண்டுவந்து வைப்பார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் அதன் தலையில் சொம்புத் தண்ணீரை ஊற்றி, ஒரு பெயர் வைத்து, மந்திரம் தப்பாமல் சொல்ல வேண்டும். நாங்கள் அந்தத் தேங்காய்களுக்கு வைக்காத பெயர் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற தேங்காய்களை மறுநாள் உபதேசியார் வீட்டம்மா சட்னி அரைத்துவிடுவார். அதில் எங்களுக்குச் சின்ன வருத்தம் இருந்தது.

கல்லறைத் தோட்டம்தான் எங்கள் விளையாட்டு மைதானம். ஊரில் நிழல் தருகிற மாதிரி நின்ற வேப்பமரங்கள் அங்கேதான் இருந்தன. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய புதிது. கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்க வேண்டும் என்று வெறி. எங்கள் ஊரில் வாசிக்க என்ன இருந்தது? பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற பெயர், ரேஷன் கடைப் பலகை, அப்புறம் இந்தக் கல்லறைகள். எல்லாக் கல்லறைகளிலும் காரைப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே யாரோ ஆணியால் கீறி எழுதியிருந்தார்கள். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதை நான் பாட்டு மாதிரி ராகம் போட்டுப் படிப்பேன். யார் எங்கே படுத்திருக்கிறார், அவர் யாருடைய குமாரன், எந்த வருடம் போனார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

தென்மூலையில், மதிலை ஒட்டி, வரிசையில் சேராமல் ஒரு சின்ன மேடை இருந்தது. அதில் எழுத்தும் இல்லை, சிலுவையும் இல்லை. என் உயரத்துக்கு உட்கார அது தோதாக இருந்தது. கல்லறைத் திருநாளன்று பெரியம்மா எல்லாக் கல்லறைகளுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடைசியாக ஒன்றை அந்த மேடையில் வைப்பாள். கேட்டால், “ஒண்ணு கூட வாங்கிட்டேன், வீணாப் போக வேண்டாம்ல” என்பாள். வருடா வருடம் அவள் ஒன்று கூடுதலாகத்தான் வாங்கினாள்.

பெரியம்மா என்பது அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே முற்றத்தில்தான். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அதனால் எனக்கு இரண்டு அம்மா. எனக்குத் தலை பின்னிவிடுவதும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தின்ன ஏதாவது எடுத்து வைத்திருப்பதும் பெரியம்மாதான். என்னைப் பெற்ற அம்மா அடிக்க வந்தால் நான் ஓடி ஒளிகிற முந்தானையும் அவளுடையதுதான். அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அம்மாவிடம் இதைச் சொல்லி அடியும் வாங்கியிருக்கிறேன்.

ஒரு தை மாதம் மலேசியாவிலிருந்து போன் வந்தது. எங்கள் அப்பாவின் தாய்வழித் தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். கல்யாணமாகிக் கப்பலேறிப் போனவள், திரும்பவேயில்லை. பேசியவர் அவளுடைய பேரன். எனக்கு மாமா முறை. அவருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாளாம். தன் தாயைப் பெற்றவள் பெயர் என்ன, அவர்கள் கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று ஒரே கேள்வியாம். அங்கே சொல்ல ஆளில்லை. கல்லறையில் எழுதியிருக்கும் இல்லையா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நேரில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன், குடும்ப வரலாறு தயார் செய்ய வேண்டும் என்றார். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். முற்றமே கூடி நின்று கேட்டது.

வீடு பரபரப்பானது. அம்மா பாத்திரங்களை எல்லாம் புளி போட்டு விளக்கினாள். அப்பா வேலியை வெட்டினார். சித்தப்பா மட்டும் மோட்டுவளையைப் பார்த்தபடி இருந்தார். சித்தப்பா யோசித்தால் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் வரும்.

சித்தப்பாவுக்கு விருதுநகர், மதுரைப் பக்கம் பெயிண்ட் வேலை. பெயிண்ட் என்பதைவிடப் பட்டி பார்ப்பதில்தான் அவருக்குப் பேர். சுவரில் இருக்கிற குழி, கீறல், வெடிப்பு எல்லாவற்றிலும் வெள்ளைக் கலவையை வைத்து அடைத்து, தகட்டால் இழுத்து, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்குவது. அவர் கை பட்ட சுவரில் எறும்பு ஏறினால் வழுக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைத் தடவிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைத்தான் செய்தார். அந்தச் சம்பந்தம் முடியாததற்கு அதுதான் காரணம் என்பது பெரியம்மாவின் கட்சி.

வியாழக்கிழமை விடிந்ததும் அவர் இரண்டு மூட்டை பட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குள் போனார். எல்லோரும் முள் வெட்டத்தான் போகிறார் என்று நினைத்தார்கள். வேலை முடிகிறவரை எங்களை அவர் மதிலுக்குள் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் மணி அடிக்க வந்தவர் தற்செயலாக எட்டிப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. நேராக எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றார்.

“ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்க?”

சித்தப்பா முகமெல்லாம் பல். “எப்பிடி இருக்கு? பெறத்தியார் வந்து பாக்கப் போறாக. அம்புட்டும் சொரசொரன்னு, குழியும் கீறலுமாக் கெடந்துச்சு. ரெண்டு கோட்டு இழுத்து விட்டுட்டேன். தொட்டுப் பாருங்க, மொசைக்கு மாதிரி இருக்கும்.”

“குழியும் கீறலுமா? லேய், அதுதான்லே எழுத்து!”

நாங்கள் எல்லோரும் ஓடினோம். இவ்வளவு அழகான கல்லறைகளை நான் அதுவரை பார்த்ததில்லை. மறைகிற வெயிலில் எல்லாம் வெள்ளை வெளேரென்று, உப்புத்தாள் போட்டு இழைத்து, நீலம் கலந்து அடித்து, முட்டை ஓடு போல நின்றன. ஒரு எழுத்துகூட இல்லை. பரம்பரை பரம்பரையாகப் படுத்திருந்த அத்தனை பேரையும் சித்தப்பா இரண்டு நாளில் பேர் தெரியாதவர்களாக்கியிருந்தார்.

“எழுத்துன்னு தெரியாமலா செஞ்ச?” என்று அப்பா கத்தினார்.

“தெரியும்ண்ணே. ஆனா எழுத்த யாரு படிச்சா? எது யாரு கல்லறைன்னு ஊருல தெரியாத ஆளா இருக்கு?” என்றார் சித்தப்பா.

அது உண்மைதான். அந்தக் கல்லறைகளை எங்கள் ஊரில் என்னைத் தவிர யாரும் வாசித்ததே இல்லை. அப்பா ‘எங்க தாத்தா’ என்று சொல்லி ஒரு கல்லறைக்கு முன் நிற்பார், கும்பிடுவார், வந்துவிடுவார். எழுத்து என்பது வெளியூர்க்காரனுக்குத்தான் தேவை. அந்த வெளியூர்க்காரன் நாளை மறுநாள் வருகிறான்.

சுரண்டிப் பார்த்தார்கள். பட்டியோடு சேர்ந்து பழைய காரையும் பெயர்ந்து வந்தது. ஒரு கல்லறையில் சுரண்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். சித்தப்பாவின் வேலை அவ்வளவு சுத்தம். அன்றிரவு அவர் சாப்பிட வரவில்லை. பெரியம்மாதான் தட்டைக் கொண்டுபோய் அவர் படுத்திருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை மல்லாங்கிணறிலிருந்து போர்டு எழுதுகிறவரை வரவழைத்தார்கள். கட்சிச் சுவர்களுக்கும் கடைகளுக்கும் எழுதுகிற ஆள். கை வேகம், எழுத்து முத்து முத்தாக இருக்கும். பழையபடி எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று முடிவு. ஆனால் பழையபடி என்ன இருந்தது? அங்கேதான் என் காலம் வந்தது.

“இவளுக்குத் தெரியும். எந்நேரமும் அங்கதான் கெடப்பா” என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டாள். வழக்கமாக அதைத் திட்டாகச் சொல்கிறவள், அன்றைக்குப் பெருமையாகச் சொன்னாள்.

நான் முதல் கல்லறை முன் நின்று கண்ணை மூடிக்கொண்டு ராகம் போட்டேன். ‘சவரிமுத்து குமாரன் அந்தோணி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ ஊரே ஆடாமல் அசையாமல் கேட்டது. போர்டு எழுதுகிறவர் தூரிகையை எடுத்து உச்சியில் அழகாக ஒரு ‘உ’ போட்டார்.

“அய்யய்யோ, நிப்பாட்டுங்க!” என்று உபதேசியார் பாய்ந்தார்.

“என்னண்ணே?”

“பிள்ளையார் சுழி போட்டுட்டீக!”

போர்டு எழுதுகிறவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கே தூரிகை வைத்தாலும் அது தானாக வந்துவிடுமாம். அழிக்க முடியாது, அழித்தால் வெள்ளை கெட்டுவிடும். கொஞ்சம் யோசித்து, அந்தச் சுழியையே இதழாக வைத்துச் சுற்றி வளைத்து ஒரு ரோஜாப்பூ ஆக்கிவிட்டார். பார்க்க நன்றாக இருக்கவே அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் தங்கள் பெரியவர்களுக்கு ரோஜா கேட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. தாராளமான நாளாக இருந்தது அது. ஒரு வீட்டுக்காரர் தன் தாத்தா பெயருக்கு முன்னால் ‘மிராசுதார்’ இருந்ததாகச் சத்தியம் செய்தார். இல்லை என்றேன். “நீ சின்னப் புள்ள, எழுத்துச் சின்னதா இருந்துச்சு, கவனிச்சிருக்க மாட்ட” என்றார். என்னிடமா? எழுத்தின் அளவை நான் விரலால் காட்டியதும் அடங்கிவிட்டார். இன்னொரு அத்தை, தன் மாமியார் கல்லறையில் ‘அன்பே உருவான’ என்பதை மறுபடி எழுத வேண்டாம், போன தடவையே அது தப்பு என்றாள். நான் இருந்ததை இருந்தபடியே எழுதவைத்தேன். மத்தியானத்துக்குள் என் வார்த்தை கல்லில் எழுத்தாகிவிட்டது. பெரியவர்கள் சண்டை போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினால்தான் தூரிகை இறங்கியது. மலேசியா மாமாவின் பாட்டியைப் பெற்றவள் சவரியம்மாள் என்பதும் என் வாயிலிருந்துதான் வந்தது. வாழ்க்கையில் அப்படியொரு அதிகாரம் எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

இப்படியே எழுதி எழுதி, கடைசியில் தென்மூலைக்கு வந்தோம்.

அந்த மேடையைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது. பிற்பாடு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்குக் கல்யாணமான மறுவருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. விடியலில் பிறந்தது, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் உபதேசியாரைக் கூப்பிட ஆள் ஓடியது. அவர் அன்றைக்குத் திருச்சுழிக்குப் போயிருந்தார். சைக்கிளில் அவர் வந்து சேர்ந்தபோது குழந்தைக்குத் துணி சுற்றியாகிவிட்டது. வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அள்ளி ஊற்றிவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தெரியவும் தெரியாது. ஞானஸ்நானம் பெறாத குழந்தையை வரிசையில் வைக்கக் கூடாது, பேர் எழுதக் கூடாது என்று அன்றைக்கு ஒரு வழக்கம். அதன்படி மூலையைக் காட்டிக் கொடுத்தவரும் உபதேசியார்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஞானோபதேச வகுப்புக்குத் தேங்காய் வரத் தொடங்கியது.

போர்டு எழுதுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அந்த மேடையையும் சித்தப்பா மற்றவற்றைப் போலவே பட்டி பார்த்து வெள்ளை அடித்திருந்தார். எழுதுகிறவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இது ஆருக்கு? இதுல என்ன இருந்துச்சு?”

பெரியப்பா குனிந்து காலில் முள் பார்த்தார். அப்பா தூரத்தில் போகிற டிராக்டரைப் பார்த்தார். எல்லோருக்கும் டீ கொண்டுவந்திருந்த பெரியம்மா, தூக்குச் சட்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னாள்.

“சகாயமேரின்னு இருந்துச்சு.”

நான் திடுக்கிட்டேன். காலையிலிருந்து ஒரு தப்பு விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறேன், இப்போது பெரியம்மாவே இப்படி ஒன்றைச் சொன்னால்?

“இல்ல பெரியம்மா, அதுல ஒண்ணுமே இல்ல. நான் தெனமும் அதுலதான உக்காருவேன்? வெறுங்கல்லு” என்றேன்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. எனக்குத் தலை பின்னும்போது சிக்கு விழுந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. போர்டு எழுதுகிறவர் என் முகத்தைப் பார்த்தார், அன்று முழுக்க என் சொல்தானே கடைசிச் சொல். தூரிகையைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். “ஏத்தா, நீ பாத்தது முன்ன ஒருக்கா வெள்ளையடிச்ச பெறகு. அதுக்கு முந்தி எழுதியிருந்துச்சு. நான் பாத்திருக்கேன்.”

“எழுத்துன்னா குழியா இருக்கும்ல? தடவுனா தெரியும்ல? வழவழன்னுதான இருந்துச்சு!”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய் சொன்னால் முட்டி போடவைக்கிறவரே இப்படிச் சொல்கிறார். கடைசியாக அதைத் தொட்டவர் ஒருவர்தான். அவர் பொய் சொல்ல மாட்டார், அதற்கெல்லாம் அவருக்கு யோசனை போதாது என்று எனக்குத் தெரியும்.

“சித்தப்பா, நீங்க சொல்லுங்க. நீங்கதான பட்டி பாத்தீக? எழுத்து இருந்துச்சா?”

சித்தப்பா வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவரை ஏசாத வாய் ஊரில் இல்லை. டீ கொடுத்தபோதுகூட, ‘குடிச்சிட்டு டம்ளருக்குப் பட்டி பாத்துராத’ என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எழுந்து வந்தார். மேடைக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தான் இழைத்த வெள்ளையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

“இருந்துச்சு. நல்ல ஆழமா இருந்துச்சு. நான்தான் அடைச்சுப்புட்டேன்” என்றார். பிறகு பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “மன்னிச்சிருங்க மதினி.”

ஊர்க் கல்லறைகளை எல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கியவர், அதுவரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

“அதுக்கென்ன தம்பி, இப்ப எழுதிருவோம்” என்றாள் பெரியம்மா.

தூரிகை டப்பாவிலிருந்து வெளியே வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்வதற்கு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், அதுவும் எனக்கு எதிராக! அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிட்டேன். அதனால் அவர்கள் தேதி எழுதும்போது நான் அங்கே இல்லை. சாயங்காலம் பெரியம்மா தலை பின்னக் கூப்பிட்டபோது முதலில் போகவில்லை. பிறகு போனேன், ஆனால் பேசவில்லை. அவள் அன்றைக்கு எனக்கு வழக்கத்தைவிட மெதுவாகத் தலை சீவினாள்.

ஞாயிற்றுக்கிழமை செபம் முடிகிற நேரத்தில் மலேசியா மாமா காரில் வந்து இறங்கினார். நல்ல உயரம், தலையில் தொப்பி, வாயெல்லாம் சிரிப்பு. எனக்குச் சாக்லேட் கொடுத்தார். நான் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டேன். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ரொம்ப அழகா வச்சிருக்கீங்க! நான் இடிஞ்சு கிடக்கும்னு பயந்துகிட்டே வந்தேன்” என்றார்.

சித்தப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கல்லறையைத் தடவிக் காட்டினார். எழுத்தெல்லாம் நேற்று எழுதியது, ஆனால் சொல்லெல்லாம் பழையது என்று உபதேசியார் விளக்கம் சொன்னார். மாமாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. போனில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். படுக்கையில் இருக்கிற தன் அம்மா கேட்பதற்காக ஒவ்வொரு பெயரையும் போனில் பதிகிற மாதிரி சத்தமாக வாசித்தார். சவரியம்மாளுக்கு முன் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு தடவை வாசித்தார். ஊர் மொத்தமும் அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

தென்மூலைக்கும் வந்தார்.

“சகாயமேரி” என்று சத்தமாக வாசித்தார். பெரியம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். வீட்டுக்கு வெளியே, இத்தனை பேர் நடுவில், அவளைத் தவிர இன்னொருவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை என்று இப்போது நினைக்கும்போது புரிகிறது. அன்றைக்கு, யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன்.

“இது யாரோட மகள்னு போட்டுக்கட்டும்?” என்று மாமா பொதுவாகக் கேட்டார்.

“என் மக” என்றாள் பெரியம்மா. சொல்லிவிட்டு உபதேசியாரைத்தான் பார்த்தாள், பெரியப்பாவை அல்ல.

உபதேசியார் முன்னால் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் சொன்னார்.

“நல்லா எழுதிக்கோங்க. இந்த வீட்டு மூத்த பிள்ளை.”

இது எனக்கு இன்னொரு அடி. அந்த முற்றத்தில் அதுவரை மூத்த பிள்ளை நான்தான். யாரோ ஒரு சகாயமேரி வெறுங்கல்லில் வந்து உட்கார்ந்ததும் அல்லாமல், எனக்கு அக்காவும் ஆகிவிட்டாள். அவளை முறைக்கிறதாக நினைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை முறைத்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பிறந்த தேதி என்று ஒரு வரி, இறந்த தேதி என்று ஒரு வரி. இரண்டிலும் ஒரே நாள், ஒரே மாதம், ஒரே வருடம். போர்டு எழுதுகிறவர் மேல் வரியைப் பார்த்தே கீழ் வரியையும் எழுதித் தொலைத்திருக்கிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நான் பக்கத்தில் இல்லாமல் எழுதினால் இப்படித்தான் ஆகும். மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, தேதி தப்பு. ஒண்ணையே ரெண்டு தடவ எழுதிட்டாக” என்றேன். மாமா குனிந்து வாசித்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். போனை எடுத்து, அந்தத் தப்போடேயே படம் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசக் கூடாது என்று இருந்தவள்தான் நான், ஆனாலும் இது பெரிய விஷயம் என்பதால் கோபத்தை விட்டுவிட்டு அவளிடமே சொன்னேன்.

“நாளைக்கு அவர வரச்சொல்லி அந்தத் தேதிய மாத்தச் சொல்லுங்க பெரியம்மா. ஒருத்தவுக பொறந்த அன்னைக்கேவா செத்துப்போவாக? பாக்குறவுக சிரிக்க மாட்டாகளா?”

“சரித்தா, சொல்றேன்” என்றாள் பெரியம்மா. என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னால் செய்வாள் என்று நம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அதே தேதிதான் இருந்தது. அதற்கு அடுத்த வாரமும் அப்படியேதான். இத்தனை பெரியவர்கள் இருக்கிற ஊரில் இந்தச் சின்னத் தப்பைத் திருத்த ஒருவருக்குக்கூட அக்கறை இல்லையே என்று எனக்கு அவர்கள்மேல் ரொம்ப நாள் வருத்தமாகவே இருந்தது.